கடைசல் பட்டறையில் வேகமும் விசையும்

திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த கீழவாஞ்சூர், காரைக்கால் பகுதியின் தென்கோடியில், நாகூருக்கு வடக்கே, கடலையொட்டி அமைந்த ஊர். 2009ஆம் ஆண்டில் தொழிற்படத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் இவ்வூரிலேயே உள்ளது. எனினும் சுற்றுவட்டாரத்து மக்களின் பிழைப்பு பெரும்பாலும் சிறு பொறிகளையே நம்பியிருக்கிறது. வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு, உழவு டிராக்டர், மீன்பிடி படகின் டீசல் எஞ்சின் ஆகியவையே அவை. இவற்றுள் ஒன்றின் தண்டு தேய்ந்தாலும், புஷ் கழன்றாலும், நாகூரிலோ நாகப்பட்டினத்திலோ காரைக்காலிலோ உள்ள லேத் பட்டறையை நாடுவதன்றி வேறு வழியில்லை.

காரைக்கால் காவிரிப் பாசனத்தின் கடைமடை என்பதை நாம் அறிவோம். மேட்டூர் அணை வழக்கப்படி சூன் 12இல் திறக்கப்பட்டாலும், கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாட்கள் பல ஆகின்றன. அவ்விடைக்காலத்தில் நாற்றங்காலைக் காப்பது பம்பு ஒன்றே. அப்போது பம்புத் தண்டு போய்விட்டால் உழவர் பதறுவது இயல்பு. பட்டறைக்கு ஓடிச்சென்று, "ஐயா, வேகத்தைக் கூட்டி ஓட்டிச் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்" என்று வேண்டுகிறார். பட்டறைக்காரரும் வந்தவர் மனம் கோணலாகாது என்று பெல்ட்டை மாற்றிப் போடுகிறார். இதனால் வேலை சீக்கிரம் முடிகிறதா? பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்பதையும், உண்மையில் சீக்கிரம் முடிக்க வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் வெட்டு வேகம் என்பது யாது? கடைசல் இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது வேறு; வெட்டு வேகம் வேறு. திருவிழா இராட்டினத்தில் நடுக்கம்பத்தருகே நிற்பவனும் விளிம்பில் குதிரைமேல் அமர்ந்த பிள்ளையும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்று முடிக்கின்றனர். ஆயினும் காற்று முகத்தில் அறைவது விளிம்பில் உள்ள பிள்ளைக்கே. அதுபோல, டூல் எனப் பட்டறையில் வழங்கும் உளியின் முனையைக் கடந்து உலோகத்தின் மேற்பரப்பு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறதோ அதுவே வெட்டு வேகம். விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். அதனைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்க வேகம் கிடைக்கும்.

மெல்லிய எஃகை, எச்.எஸ்.எஸ். என வழங்கும் அதிவேக எஃகு உளியால் கடைவதற்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் தக்க வேகம் என்று கொள்வோம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டுக்கு இது ஏறத்தாழ 160 சுற்று ஆகிறது. 25 மில்லிமீட்டர் தண்டுக்கு 320 சுற்று. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுச் சக்கரத்துக்கோ 26 அல்லது 27 சுற்றே போதும். தண்டைக் கடைந்த அதே பெல்ட்டில், அதே 160 சுற்றில் அச்சக்கரத்தை ஓட்டினால் உளிமுனை சில நொடிகளில் கருகிவிடும்.

நம் பகுதிக்கு இவ்வறிவு புதியதன்று. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இலும், திருச்சிராப்பள்ளிக்கு 1862இலும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் தென்னிந்திய ரயில்வேயின் பெரும் பட்டறை நாகப்பட்டினத்திலேயே நெடுங்காலம் இயங்கிற்று. 1920களின் பிற்பகுதியில் அது திருச்சி பொன்மலைக்கு மாற்றப்பட்டது. ரயில் பட்டறைகளில் தேய்ந்த சக்கரங்களை மறுபடி கடைவதைக் கண்டவர்கள், அவை சுற்றும் மந்தத்தைக் கண்டு வியப்புறுவர். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை நிமிடத்துக்கு 16 மீட்டர் வேகத்தில் வெட்ட, ஐந்தே சுற்றுப் போதும். விரல்விட்டு எண்ணலாம். ஆயினும் உளிமுனையில் நிகழ்வது சிறு தண்டைக் கடைகையில் நிகழ்வதைப் போன்றதே.

இனி விசைக்கு வருவோம். ஏர் பூட்டியவர்க்கும் டிராக்டர் ஓட்டியவர்க்கும் ஒரு செய்தி தெரியும். மண்புரட்டும் கலப்பையை வேகமாக இழுத்தால் இழுவை கூடும். கொழுமுனை பெயர்க்கும் மண்ணைத் தூக்கி எறியவும் விசை வேண்டியிருப்பதே காரணம். ஆகவே உலோகம் வெட்டுவதிலும் வேகம் கூடக்கூட விசை கூடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இங்கேதான் பிழை நேர்கிறது. உளி பெயர்க்கும் சீவல் மிக மெல்லியது. அதன் எடையோ அற்பம். 2 மில்லிமீட்டர் ஆழமும், சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் நகர்வும் வைத்து, நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் வெட்டினாலும், சீவலை விரைந்தோடச் செய்வதற்கு மட்டும் செலவாகும் விசை ஏறத்தாழ ஒரு கிராம் எடையளவே. உலோகத்தை நழுவச் செய்து பிளப்பதற்கும் உளிமுகத்தில் சீவல் உராய்வதற்கும் வேண்டிய விசையோ ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையளவு. எனவே எறியும் விசை கணக்கிலேயே வாராது.

சொல்லப்போனால், வேகம் கூடும்போது வெட்டு விசை சிறிது குறையவும் செய்கிறது. வேகத்தால் சூடேறி, உளிமுகத்தை ஒட்டிய உலோகம் இளகுவதால் உராய்வு தணிகிறது. சீவல் முன்னிலும் மெல்லியதாய், எளிதில் நழுவி வெளிப்படுகிறது. ஆனால் இக்குறைவு ஒரே சீராக நிகழ்வதன்று. தாழ்ந்த வேகங்களில் மெல்லிய எஃகின் துணுக்குகள் உளிமுனையிலேயே பற்றி ஒட்டி ஒரு சிறு கட்டியாகின்றன. அக்கட்டி கூரிய சரிவுள்ள முனைபோல் நடந்துகொள்வதால் விசை குறைந்ததுபோல் தோன்றும். வேகத்தைக் கூட்டக் கட்டி மறையும். விசை சற்று ஏறும். அதன்மேல் வேகம் கூடக்கூட மெல்ல இறங்கும். இக்கட்டியைப் பற்றி மறுபடியும் கூற வேண்டியிருக்கிறது.

விசை கூடவில்லையெனில் மோட்டார் ஏன் முக்குகிறது? விசை வேறு, திறன் வேறு என்பதே விடை. ஒரு மூட்டையைத் தூக்கி மெல்ல நடப்பவனுக்கும் ஓடுபவனுக்கும் சுமை ஒன்றே, களைப்பு ஒன்றன்று. விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். மேற்கூறிய 100 கிலோகிராம் எடையளவு விசைக்கு, நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் உளிமுனையில் வேண்டிய திறன் அரைக் குதிரைத்திறனுக்குச் சற்று மேல். 50 மீட்டரில் ஏறத்தாழ 1.1 குதிரைத்திறன். 100 மீட்டரில் விசை பத்தில் ஒரு பங்கு குறைந்ததாகவே கொண்டாலும் 2 குதிரைத்திறன். பெல்ட்டிலும் பல்சக்கரத்திலும் வீணாவது இதற்கு மேல். ஆகையால் 2 குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய சிறு கடைசல் இயந்திரம் இவ்வேகத்தில் இவ்வளவு தடித்த சீவலை எடுக்க முடியாமல் திணறும். மாலையில் மின்னழுத்தம் தாழும் ஊர்களில் இன்னும் முன்னதாகவே திணறும்.

இத்திறன் முழுவதும் எங்கே போகிறது? ஏறக்குறைய அனைத்தும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தின் பெரும்பங்கைச் சீவல் சுமந்து செல்கிறது என்பது நமது நற்பேறு. மீந்த சிறு பங்கு உளிமுனையில் கடுகளவு இடத்தில் குவிகிறது. பழைய கார்பன் எஃகு உளி 250 பாகை செல்சியஸ் அளவிலேயே தன் கடினத்தை இழக்கத் தொடங்கும். அதிவேக எஃகு 550, 600 பாகை வரை தாங்கும். கார்பைடு முனை அதற்கும் மேலே தாங்கும். வேகத்துக்கு எல்லை வகுப்பது விசை அன்று, இவ்வெப்பமே.

இதனை அளந்து கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் டெய்லர். ஃபிலடெல்ஃபியா நகரின் மிட்வேல் எஃகாலையில் 1880இல் அவர் தொடங்கிய சோதனைகள் 26 ஆண்டுகள் நீடித்தன. மூன்றரை லட்சம் கிலோகிராமுக்கு மேற்பட்ட எஃகையும் இரும்பையும் சீவலாக்கிப் பார்த்த பின்னரே, 1906ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின்முன் தம் முடிவுகளை வைத்தார். அதற்கு முன்னரே, மான்செல் ஒயிட் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அதிவேக எஃகு உளி 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் உலகின் கண்ணை உறுத்தியது. முனை மங்கிச் சிவந்து எரிகையிலும் அவ்வுளி வெட்டிக்கொண்டேயிருந்தது!

டெய்லர் கண்ட விதி இதுவே. அதிவேக எஃகு உளியின் ஆயுள், வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு எதிராகக் குறைகிறது. எட்டாம் அடுக்கு என்றால் மலைக்க வேண்டாம். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் உளியின் ஆயுள் பாதிக்கும் கீழே போகும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் கால் பங்குக்கும் கீழே. ஒன்றரை மடங்காக்கினால் இருபத்தைந்தில் ஒரு பங்கே மிஞ்சும். கார்பைடு முனைக்கு இவ்வீழ்ச்சி இத்தனை கொடியதன்று. எனினும் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடினால் அதன் ஆயுளும் ஏறத்தாழ பாதியாகும்.

இப்பொழுது நம் உழவரின் பம்புத் தண்டுக்குத் திரும்புவோம். 50 மில்லிமீட்டர் விட்டம், 300 மில்லிமீட்டர் நீளம். சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் நகர்வில், 160 சுற்றில், தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உளி சென்று சேர ஏழரை நிமிடம் ஆகிறது. சாணை பிடித்த உளி இவ்வேகத்தில் ஒரு மணி நேரம் உழைக்கும் எனக் கொண்டால், எட்டு முறை தண்டின்மேல் ஓடலாம். உழவர் அவசரப்படுத்த, பட்டறைக்காரர் 190 சுற்றுக்கு மாற்றுகிறார். ஓர் ஓட்டத்துக்கு இப்போது 6.3 நிமிடம், மிச்சமானது ஒரு நிமிடமும் சில நொடியும். ஆனால் உளியின் ஆயுள் ஏறத்தாழ 15 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இரண்டு ஓட்டம் முடிந்து மூன்றாவது ஓட்டத்தின் நடுவிலேயே முனை மழுங்குகிறது. உளியைக் கழற்றி, சாணை பிடித்து, மறுபடி பூட்டி, மையம் பார்த்து, அளவு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பட்டறையில் நின்றவர்கள் அறிவர். சேமித்த இரண்டரை நிமிடம் அதில் எம்மூலைக்கும் காணாது. மழுங்கிய முனையோடே ஓட்டத்தை முடித்தாலோ, தண்டு ஒரு முனையில் ஓரளவும் மறுமுனையில் வேறோர் அளவுமாய்ச் சரிந்துவிடும்.

அப்படியானால் சீக்கிரம் முடிக்க வழியே இல்லையா? உண்டு. வேகத்தைத் தொடாமல் சீவலைத் தடிப்பாக்குவதே அவ்வழி. முதலில் வெட்டும் ஆழத்தைக் கூட்டி, ஓட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அடுத்து, ஃபீடு எனப்படும் நகர்வைக் கூட்ட வேண்டும். வேகத்தைக் கடைசியாகவே தொடவேண்டும். ஆழமும் நகர்வும் கூடினால் உளியின் ஆயுள் குறையத்தான் செய்யும். ஆனால் வேகத்தால் குறைவதைப்போல் அத்தனை விரைவாக அன்று. அதே 160 சுற்றில் நகர்வை 0.35 மில்லிமீட்டர் ஆக்கினால் ஓர் ஓட்டம் 5.4 நிமிடத்தில் முடிகிறது. வேகத்தைக் கூட்டிப் பெற்றதைவிட இது விரைவு. விசை இங்கே உண்மையிலேயே கூடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே தண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் வளைந்து துள்ளும். நடுவில் தாங்கி கொடுத்தாக வேண்டும். இயந்திரத்தின் தலைப்பகுதிப் பேரிங்குகள் தேய்ந்திருந்தால் அதிர்வு எழும். தண்டின்மேல் மீன்செதிள் போன்ற வரிகள் விழும். அவ்வாறு அதிரும்போது மட்டும் சுற்றைச் சற்றே மாற்றிப் பார்ப்பது நன்று.

இவையெல்லாம் உலோகத்தை விரைவில் கழிக்கும் முதற் கடைசலுக்கே பொருந்தும். இறுதி ஓட்டம் வேறு நோக்கமுடையது. முன்னர்க் கூறிய கட்டி இங்கேதான் தொல்லை தருகிறது. அது முனையில் வளர்ந்து, உடைந்து, மறுபடி வளரும். உடைந்த துணுக்குகள் தண்டின் மேற்பரப்பில் அப்பிக்கொள்ளும். அத்தகைய தண்டு கண்ணுக்குக் கடைந்ததுபோல் தோன்றினாலும், நகத்தால் வருடினால் சொரசொரக்கும். பேரிங் அமரும் இடத்தில் இச்சொரசொரப்பு இருந்தால், பேரிங்கை ஏற்றும்போது முகடுகள் நசுங்கிப் பிடிப்புத் தளரும். சில நாட்களில் பேரிங்கின் உள்வளையம் தண்டின்மேல் வழுக்கிச் சுற்றித் தண்டைத் தின்றுவிடும். கிளாண்டுக் கயிறு சுற்றும் இடத்தில் இருந்தாலோ, கயிற்றை அரம்போல் அறுத்து நீர் ஒழுகச் செய்யும். உழவர் மறுபடியும் பட்டறை வாயிலில் நிற்பார். நாற்றங்கால் அதற்குள் வெடித்திருக்கும்.

இதற்கு மாற்று, வேகத்தைக் கூட்டுவதே! முதற் கடைசலில் எந்த அவசரம் கூடாதென்றோமோ, அது இறுதி ஓட்டத்தில் தேவையாகிறது. கார்பைடு முனையைப் பூட்டி, 50 மில்லிமீட்டர் தண்டை 640 சுற்றில், அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில், மெல்லிய சீவலாக எடுத்தால் கட்டி நிலைக்காது. பரப்பு பளிங்குபோல் வரும். சீவல் மெல்லியதாகையால் மோட்டாரும் முக்காது. கார்பைடு இல்லாத பட்டறையில் எதிர்வழியில் செல்லலாம். வேகத்தை நன்கு தாழ்த்தி, கூராகச் சாணை பிடித்து, வெட்டு எண்ணெயைத் தாராளமாக விட்டு, மென்மையாக எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் மோசம்.

எண்ணெய் பற்றியும் ஒரு சொல். உளிமேல் நீரைத் தாரையாக விட்டால் வேகத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டலாம் என்று டெய்லர் 1880களிலேயே கண்டார். துருப்பிடிக்காதிருக்க நீரில் சோடா கலந்தார். இன்று பட்டறைகளில் பால்போல் வெளுத்திருக்கும் கரைசல் அதன் வழிவந்ததே. அதிவேக எஃகு உளிக்கு அதனை இடைவிடாது விட வேண்டும். கார்பைடு முனைக்கு விட்டால் நிறைய விடவேண்டும். இல்லையேல் விடாமலே இருப்பது நன்று. காய்ந்த முனையில் விட்டுவிட்டுச் சொட்டினால் அது வெடித்துப்போகும்.

உலோகத்துக்கு உலோகம் போக்கு மாறும். வார்ப்பிரும்பு சுருள் விடாது, பொடியாக உதிரும். அதில் அடங்கிய கிராஃபைட்டே மசகாக உதவுவதால் உலர்வாகவே கடையலாம். வார்ப்பின் மேல்தோல் மணல் பட்டுக் கடினமாக இருக்குமாதலால், முதல் ஓட்டத்தை மெதுவாகவும், தோலுக்குக் கீழே முனை புகும்படி ஆழமாகவும் எடுக்க வேண்டும். பித்தளை எஃகைப்போல் இருமடங்கு வேகத்துக்கும் மேல் தாங்கும். ஆனால் எஃகுக்குப் பிடித்த சரிவுள்ள உளியைப் பித்தளைக்கு வைத்தால் அது உளியை உள்ளே இழுத்துவிடும்.

கடலோர ஊர்களுக்கு மிகவும் வேண்டிய செய்தி துருவேறா எஃகைப் பற்றியது. படகின் விசிறித் தண்டும், உப்புநீரில் இயங்கும் பம்பின் தண்டும் இதனால் ஆனவை. இவ்வெஃகு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே சூடு உளிமுனையிலேயே தங்கும். அன்றியும், முனை வெட்டாமல் உரசினால் மேற்பரப்பு இறுகிக் கடினமாகிவிடும். அடுத்த ஓட்டம் அக்கடினத்தோடு போராட வேண்டும். ஆகையால் அதிவேக எஃகு உளியானால் நிமிடத்துக்கு 12 முதல் 18 மீட்டருக்குள் வேகத்தை அடக்கி, நகர்வை மிகவும் குறைக்காமல், நிறுத்தாமல் வெட்டிச்செல்ல வேண்டும். மெல்லிய எஃகின் வேகத்தில் இதனை ஓட்டி, உளி போயிற்றே என்று பொருளின்மேல் பழி போடுவது பல இடங்களில் நிகழ்கிறது. விலையுயர்ந்த தண்டும் அவ்வாறே பாழாகிறது.

பஞ்சாயத்தோ உழவர் குழுவோ பொதுப் பட்டறை ஒன்று வைக்க எண்ணினால், இயந்திரம் விற்பவர் முதலில் கூறுவது மிகுதியான சுற்று எண்ணிக்கையைத்தான். இராஜ்கோட்டு இயந்திரமாயினும், படாலா இயந்திரமாயினும், கோவை இயந்திரமாயினும், உறுப்பினர்கள் கேட்க வேண்டியது அடிமட்டச் சுற்று எவ்வளவு என்பதை. டிராக்டரின் பெரிய சக்கரமையத்தைக் கடைய 30 சுற்றுக்கும் கீழே இறங்க வேண்டும். பேக் கியர் இல்லாத இயந்திரம் அங்கே பயன்படாது. மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் பூட்டிச் சுற்றைத் தாழ்த்தினால் மோட்டாரின் திறனும் உடன் தாழும். பல்சக்கரத்தால் தாழ்த்தினால் அவ்வாறு தாழாது. சுற்றுகளின் படிகள் எத்தனை, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், படுக்கை எவ்வளவு கனம் என்பவற்றையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்குவது நன்று. சாணைக் கல்லுக்கும் கார்பைடு முனைகளுக்கும் தனியே தொகை ஒதுக்கவேண்டும். இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

வேலை கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் உழவரும் வேகம் தக்கதா என்பதைத் தாமே காணலாம். அதிவேக எஃகு உளியில் எஃகுச் சீவல் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ வந்தால் சரி. கருநீலமாகிப் புகைந்தால் வேகம் மிகுதி. கார்பைடு முனையானால் நீலச் சீவல் வருவது இயல்பே. அதைக் கண்டு பட்டறைக்காரரோடு வழக்காட வேண்டாம். சீவலைப் பார்க்கலாம், தொடலாகாது. அதன் விளிம்பு சவரக்கத்தியை ஒக்கும். தோளில் துண்டோடும் தொங்கும் வேட்டி முனையோடும் ஓடும் இயந்திரத்தின் அருகே குனியலாகாது. தண்டை நகத்தால் வருடிப் பார்ப்பதானால், இயந்திரம் முற்றிலும் நின்ற பிறகு பார்க்கவேண்டும். பேரிங் அமரும் இடத்தையும் கிளாண்டுக் கயிறு சுற்றும் இடத்தையும் பார்த்தால் போதும்.